நேர் பைப் வாங்கப் போகிறவர் எதைப் பார்த்து வாங்குவது?

புகைபிடிக்கும் பைப் விற்கும் கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் கண் முதலில் போவது மர ரேகைக்குத்தான். அப்புறம் பாலிஷ், வெள்ளி வளையம். விலையும் இவற்றுக்காகத்தான் ஏறுகிறது. ஆனால் பழைய பாணி நேர் பைப் ஒன்றை வாங்கிப் பத்து வருடம் கையில் வைத்திருக்கப் போகிறவருக்கு ரேகையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சரியான இடத்தில் போட்ட துளை, இடைவெளி விடாமல் பொருந்தும் இணைப்பு, கடிக்க வசதியான வாய்முனை, இந்த மூன்றும்தான் அவருக்கு வேண்டும். காசை முதலில் இவற்றுக்குக் கொடுங்கள். மிஞ்சினால் ரேகைக்குக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே பைப் பிடிக்கிறவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்குப் பைப் காரணமாகும். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். 18 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் தடை உண்டு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளை காருக்குள் இருக்கும்போது புகைப்பதும் சட்டப்படி தப்பு.

நேர் பைப்பா, வளைந்த பைப்பா என்பதில் இன்னும் தீர்மானத்துக்கு வராதவர்கள் இருப்பார்கள். வளைந்த பைப்பில் புகையிலை அடைக்கும் கிண்ணம் தாடைக்குக் கீழே தொங்கும், அதனால் பல்லுக்குப் பாரம் தெரியாது. நேர் பைப் முன்னால் நீண்டு நிற்பதால் எடை முழுவதும் பல்லில்தான் விழும். டர்பன் கடற்கரையில் கடல் பாலத்தின் மேல் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு கையும் கழியில் இருக்கும், பைப்பைப் பல்லால்தான் பிடித்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் நேர் பைப் வாங்குவதானால் எடை 40 கிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 60 கிராம் பைப்பை ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டிருந்தால் தாடை வலிக்கும், வாய்முனையிலும் பல் தடம் பதிந்துவிடும்.

மற்றபடி நேர் பைப்பின் பக்கம்தான் நியாயம் அதிகம். துளை ஒரே கோட்டில் போவதால் பைப் கிளீனர், அதாவது உள்ளே விட்டுத் துடைக்கும் கம்பி, எங்கேயும் முட்டாமல் கிண்ணத்தின் அடி வரைக்கும் போகும். வளைவில் தேங்கிக் களகளவென்று சத்தம் போடும் ஈரம் இதில் குறைவு, தேங்கினாலும் பைப்பைக் கழற்றாமலே துடைத்துவிடலாம். தீக்குச்சி வைக்கும்போது புகையிலையின் மேல்பரப்பு கண்ணுக்கு நேராகத் தெரியும். சுத்தம் செய்ய முடியாத பைப் ஆறே மாதத்தில் கசக்கத் தொடங்கிவிடும். அதனால் கிளீனர் போகும் வழி எனக்கு முக்கியம். தினமும் புகைக்கிறவருக்கு நேர் பைப்பைத்தான் சொல்வேன்.

இனி வடிவம். நேர் பைப்பில் முதலில் சொல்ல வேண்டியது பில்லியர்ட். கிண்ணம் உருளையாக நிமிர்ந்து நிற்கும், அதன் உயரமும் அதிலிருந்து நீளும் மரக் கழுத்தின் நீளமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். மொத்த நீளம் 14, 15 சென்டிமீட்டர். கிண்ணத்தின் உள்வட்டம் 19, 20 மில்லிமீட்டர், ஆழம் 35 முதல் 40 மில்லிமீட்டர். இந்த அளவுக்குப் பெரும்பாலும் எந்தப் புகையிலையும் ஒத்துவரும். பில்லியர்டைக் குட்டையாகவும் அகலமாகவும் செய்தால் பாட். மகாலிஸ்பர்க் புகையிலை மாதிரி பெரிய வெட்டாக, உலர்ந்து வரும் உள்ளூர்ச் சரக்குக்குப் பாட் நல்ல பொருத்தம், தூள் அடைக்காமல் எரியும். வயிறு உருண்டிருந்தால் ஆப்பிள், மேலே விரிந்து கீழே குறுகினால் டப்ளின். புல்டாக்கில் கழுத்து வைர வடிவில் இருக்கும், கிண்ணத்தைச் சுற்றி இரண்டு கோடு ஓடும். போக்கரின் அடி தட்டையானது, மேசைமேல் நிற்கும். தூண்டில் பெட்டி மேலேயும் நிற்கும்.

பலர் கவனிக்காமல் விட்டுவிடும் இரண்டு வடிவங்களைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கெனேடியன், லோவாட் இரண்டிலும் மரக் கழுத்து நீளம், அதில் செருகும் வாய்க்குழல் குட்டை. கெனேடியனின் கழுத்து முட்டை வடிவம், லோவாட்டினுடையது உருண்டை. புகை மரத்துக்குள் அதிக தூரம் வருவதால் ஈரத்தை வழியிலேயே மரம் இழுத்துக்கொள்ளும், வாய்க்கு வருவது கொஞ்சம் உலர்ந்த புகை. டர்பனின் புழுக்கத்தில் இது உண்மையிலேயே உதவுகிறது. எடையும் பெரும்பாலும் குறைவுதான். ஒரு குறை உண்டு: நீளக் கழுத்தில் துளை போடும்போது கை கொஞ்சம் பிசகினாலும் கிண்ணத்துக்குள் துளை வேறு இடத்தில் போய்த் திறக்கும். அதனால் மலிவான கெனேடியனை வாங்காதீர்கள். மலிவான பில்லியர்டை வேண்டுமானால் நம்பலாம்.

என்ன பொருளில் செய்தது வாங்குவது என்று கேட்டால் பெரும்பாலும் பிரையர்தான். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேருக்கு மேலே திரளும் முண்டு அது. கோர்சிகா, கலாப்ரியா, அல்ஜீரியா, கிரீஸ் பக்கத்திலிருந்து வருகிறது. வெட்டிய கட்டையை மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் பைப் கடைவார்கள். நெருப்பை எளிதில் பிடிக்காது, ஈரத்தை உறிஞ்சும், எடையும் குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் சான் குளோத் ஊரில் இதைக் கொண்டு பைப் செய்யத் தொடங்கினார்கள். இன்றுவரை இதற்கு மாற்று வரவில்லை.

சோளக்கட்டை பைப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மிசூரி மீர்ஷாம் என்ற நிறுவனம் 1869 முதல் இதைச் செய்து வருகிறது. தடித்த கட்டை கிடைப்பதற்காகவே தனிச் சோளம் வளர்த்து, கட்டையை நீண்ட நாள் காயவைத்து, வெளிப்பக்கத்துக் குழிகளைப் பிளாஸ்டர் பூசி மூடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே சுகமாக எரியும், பழக்க வேண்டியதில்லை. நடுத்தரமான ஒரு பிரையரின் விலைக்கு இதில் நாலைந்து வாங்கலாம். உங்கள் கைக்கு எந்த அளவுக் கிண்ணம் பிடிக்கும், எந்தப் புகையிலை ஒத்துக்கொள்ளும் என்று தெரியாதவர்கள் முதலில் நேரான சோளக்கட்டை பைப்பில் சில மாதம் புகைத்துப் பார்த்துவிட்டுப் பிரையருக்குப் போங்கள். ஆனால் நம்ம கடற்கரைக் காற்றில் வேகமாக இழுத்தால் கட்டையின் உள்பக்கம் கருகிப்போகும். ஈரமாக ஒரு மூலையில் போட்டுவிட்டால் பூஞ்சையும் பிடிக்கும்.

துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கும் வெள்ளைக் கல்தான் மீர்ஷாம். புகையின் ருசியைக் கலப்பில்லாமல் கொடுக்கும், நாளாக நாளாக மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து புகைக்கிறவருக்கு அது சரி. கான்கிரீட் தரையில் ஒரு தடவை விழுந்தால் கதை முடிந்தது. வேலைக்கும் கடலுக்கும் கொண்டுபோகிறவர் வாங்க வேண்டாம்.

ஃபால்கன் நிறுவனம் செய்வது மாதிரியான அலுமினியத் தண்டு பைப்பில் கிண்ணத்தைத் திருகிக் கழற்றலாம், ஈரம் அடியில் உள்ள சின்னக் குப்பியில் தங்கும். கிண்ணம் கெட்டால் கிண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எடை குறைவு, சிக்கனமானது. அழகு தேடுகிறவர்களுக்கு அது பிடிக்காது, உழைப்புக்குத்தான் அது.

தென்னாப்பிரிக்கா என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது சுரைக்காய்ப் பைப்பை. கலபாஷ் என்னும் அந்தப் பைப் இந்த மண்ணுடையதுதான், காய் வளரும்போதே கழுத்தை வளைத்துவிடுவார்கள். ஆனால் அது பிறவியிலேயே வளைந்தது, நம் தேர்வுக்குள் வராது. இந்த நாட்டின் நேர் பைப் கோசா மக்களின் இன்க்காவே. கிழக்குக் கேப் பக்கம் வயதான பெண்கள் கையில் அந்த நீளத் தண்டைப் பார்த்திருப்பீர்கள், மணி கோத்த அலங்காரத்தோடு. தண்டு நீளமானால் புகை வாய்க்கு ஆறி வரும் என்பதை அவர்கள் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். நல்லதாகக் கிடைத்தால் ஒன்று வாங்கி மரியாதையோடு வையுங்கள். சுற்றுலாக் கடைகளில் தொங்குவதைத் தினப் புகைக்கு நம்ப வேண்டாம், மெல்லிய மரம் கருகிவிடும்.

மேல்பூச்சுக்கு வருவோம். வழவழப்பான பைப்புக்குக் குறையே இல்லாத கட்டை வேண்டும், அதனால்தான் அதன் விலை அதிகம். மணலை வேகமாக வீசி மேல்பரப்பைக் குடைந்தால் மெதுவான பகுதி தேய்ந்து, கெட்டி ரேகை புடைத்து நிற்கும். 1917-இல் லண்டனில் ஆல்ஃபிரட் டன்ஹில் இதை ஷெல் என்ற பெயரில் கொண்டுவந்தார். மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் வியர்த்த கையிலும் வழுக்காது, கீறல் விழுந்தாலும் தெரியாது. அதே பட்டறையில், அதே துளைக் கருவியில் செய்த இரண்டு பைப்பில் மணல் வீசியதுதான் பெரும்பாலும் மலிவாக இருக்கும். புகைக்கு இரண்டும் ஒன்றுதான். மணல் வீசியதை எடுங்கள்.

வாய்க்குழலில் எபொனைட், அக்ரிலிக் என்று இரண்டு வகை. எபொனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். பல்லுக்கு மெதுவானது, கடிக்கச் சுகம். ஆனால் வெயில் பட்டால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும், வாயில் வைத்தால் கசக்கும். டர்பன் வெயிலில் கார் டேஷ்போர்டு மேல் கொஞ்ச நாள் கிடந்தால் போதும். அக்ரிலிக் நிறம் மாறாது, துடைத்தாலே பளபளக்கும், பல்லுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டி. பல் கூச்சம் உள்ளவர்கள் எபொனைட் வாங்கி, வீட்டுக்குள் வைத்து, புகைத்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மற்றவர்கள் அக்ரிலிக் வாங்குங்கள்.

வடிகட்டி உங்கள் விருப்பம். ஜெர்மன் பைப்புகளில் 9 மில்லிமீட்டர் வடிகட்டி வழக்கம், இத்தாலியின் சவினெல்லி 6 மில்லிமீட்டர் பால்சா மரத் துண்டு கொடுக்கிறது. ஒன்று மட்டும் யோசியுங்கள்: வடிகட்டி தீர்ந்துபோனால் பக்கத்தில் வாங்க முடியுமா? முடியாது என்றால் வடிகட்டி இல்லாமலும் சரியாகப் புகையும் பைப்பாகப் பாருங்கள். 9 மில்லிமீட்டர் பொந்தை வெறுமையாக விட்டால் அங்கே ஈரம் சேரும்.

பெயர் பெற்ற பட்டறைகளில், 1876-இல் மிலானில் தொடங்கிய சவினெல்லி, 1865-இல் டப்ளினில் தொடங்கிய பீட்டர்சன், சான் குளோத்தின் ஷாகோம், 1848-இலிருந்து இருக்கும் நூரம்பெர்க் வாவென், எல்லாவற்றிலும் நடுத்தர விலைக்கு நேர் பில்லியர்ட் உண்டு. பீட்டர்சனில் பி-லிப் என்ற வாய்முனையைப் பார்ப்பீர்கள். துளை மேல்நோக்கித் திறப்பதால் புகை நாக்கைச் சுடாமல் அண்ணத்துக்குப் போகும். சிலருக்கு உயிர், சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது, வாயில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். எனக்குச் சவினெல்லியின் துளை நேர்த்தி பிடிக்கும், நடுத்தர விலைப் பைப்பிலும் அது தவறுவது அரிது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறவர்கள் தபால் செலவுக்கு மேல் சுங்க வரியும் 15 சதவீத வாட் (VAT) வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் பார்த்தால் உள்ளூர்க் கடை விலை பல நேரம் நியாயமாகத்தான் தெரியும். கையில் எடுத்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது.

அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்துங்கள். அவசரப்படாமல் பாருங்கள்.

முதலில் பைப்பை ஒரு கண்ணுக்கு நேராக, தச்சர் பலகையின் நேரைப் பார்ப்பது போல, வாய்முனையிலிருந்து கிண்ணம் வரைக்கும் பாருங்கள். வாய்க்குழல் இடமோ வலமோ ஒதுங்கியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கழுத்தும் வாய்க்குழலும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் படி தட்டக்கூடாது, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் கீற்று தெரியக்கூடாது.

அடுத்து, வாய்க்குழலை மெல்லத் திருகிக்கொண்டே இழுங்கள். கையை கழுத்தில் பிடிக்க வேண்டும், கிண்ணத்தில் அல்ல. லேசான இறுக்கத்தோடு சீராக வர வேண்டும். கழுந்து, அதாவது கழுத்துக்குள் போகும் முளை, வெடிப்பில்லாமல் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கழுந்து குட்டையாகவும் பொந்து ஆழமாகவும் இருந்தால் நடுவில் ஒரு வெற்றிடம் விழும், களகள சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

இப்போது கிண்ணத்துக்குள் வெளிச்சம் காட்டுங்கள், போன் டார்ச் போதும். காற்றுத் துளை அடித்தளத்தின் நடுவில், தரையோடு தரையாகத் திறக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே திறந்தால் கடைசிப் புகையிலை எரியாமல் சேறாகித் தங்கும். ஓரமாகத் திறந்தால் ஒரு பக்கச் சுவர் மட்டும் சூடேறும். ஆள்காட்டி விரலை உள்ளேயும் கட்டைவிரலை வெளியேயும் வைத்துச் சுற்றி வாருங்கள், சுவர் எங்கேயும் மெலியக்கூடாது, 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. உள்ளே கருப்புப் பூச்சு இருந்தால் அது பழக்குவதற்கு உதவும். ஆனால் குழிகளையும் மறைக்கும் என்பதால் விரலால் தடவிப் பாருங்கள். வெளியே மக்கு வைத்து அடைத்த புள்ளிகள் நிறம் மாறித் தெரியும். கிண்ணத்தின் வயிற்றில் இருந்தால் அது வெறும் அழகுக் குறை. விளிம்பில் இருந்தால் வேண்டாம், சூட்டில் கழன்றுவிடும்.

கடைசியாக, வாய்க்குழலைத் திரும்ப மாட்டி, பைப் கிளீனரை வாய்முனை வழியே விடுங்கள். ஒரே மூச்சில் கிண்ணத்தின் அடியில் தலை காட்ட வேண்டும். நேர் பைப்பை நேர் பைப் என்று வாங்குவதே இதற்குத்தான். இங்கே முட்டினால், எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் அது உங்களுக்கு வேண்டாம். கழற்றிப் பார்க்க விடாத கடையிலும் வாங்காதீர்கள்.

பழைய பைப்புகளை விட்டுவிட்டால் இந்த ஒப்பீடு அரைகுறையாகிவிடும். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பழம்பொருள் கடைகள், வீட்டுச் சாமான் ஏலங்களில் இங்கிலாந்து பில்லியர்ட்கள் வரும். பல வருடம் பழக்கிய மரம், புதிய பைப்பின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கலாம். பழுப்பேறிய வாய்க்குழலும் தடித்த கரிப்படலமும் பயப்படும் விஷயம் இல்லை, சுத்தம் செய்துவிடலாம். கிண்ணத்துக்குள் சுவரைத் துளைத்துக் கருகின இடமும் கழுத்தில் மயிரிழை வெடிப்பும்தான் பயப்பட வேண்டியவை. வெளியே கிண்ணத்தின் ஒரு இடம் மட்டும் கருத்திருந்தால் உள்ளே எரிந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். பார்க்கத் தெரிந்தவர் கூட இருந்தால் நான் பழையதைத்தான் முதலில் சொல்வேன். தனியாகப் போகிறவர் புதியதை வாங்கட்டும்.

இருக்கும் ஊரையும் கணக்கில் எடுங்கள். லெனேஷியாவில் இருக்கும் என் மச்சான் ஒரு ஜூலை மாதம் போன் போட்டு, “மச்சான், வாய்க்குழல் தானா கழண்டு விழுதுப்பா, ஏமாத்திட்டாங்களா?” என்றார். ஏமாற்றவில்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக் குளிர்காலம் எலும்பு உலர வைக்கும் வறட்சி, மரம் சுருங்கிவிடுகிறது. பைப்பைத் தொடர்ந்து புகைத்தால் மரம் ஊறித் தானே இறுகும், அதுவரை கழுந்தில் தேன்மெழுகை லேசாகத் தடவிக்கொள்ளலாம். டேப் சுற்றாதீர்கள். டர்பனில் பிரச்சினை நேரெதிர். ஈரக் காற்றில் மரம் ஊதி வாய்க்குழல் இறுகும், பலவந்தமாக இழுத்தால் கழுந்து ஒடியும். சூடாக இருக்கும்போது கழற்றவே கூடாது. புரட்டாசி முழுக்க விரதம் இருந்து பைப்பையும் ஒதுக்கி வைக்கிறவர்கள், வைப்பதற்கு முன்னால் கிளீனர் விட்டு, இரண்டு நாள் காற்றாட உலர்த்தி, திறந்த ஸ்டாண்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்தால் ஐப்பசியில் திறக்கும்போது பூஞ்சை வாசம்தான் வரும்.

சரி, நான் எதை எடுக்கச் சொல்வேன்? டர்பன் பக்கத்தில் இருந்து தினமும் புகைக்கிறவருக்கு மணல் வீசிய பிரையர், பில்லியர்ட் அல்லது லோவாட், அக்ரிலிக் வாய்க்குழல், 40 கிராம் அளவில், நடுத்தர விலையில். பாக்ஸர் போன்ற காரமான உள்ளூர்ப் புகையிலைக்கு அதையே பாட் வடிவத்தில் எடுக்கலாம். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலத்தில் இருக்கிறவருக்கு எபொனைட்டும் பரவாயில்லை. இன்னும் தன் ருசி தெரியாதவருக்குச் சோளக்கட்டை.

வழவழப்பான, ரேகை அழகான ஒரு பைப்புக்கென்று ஒதுக்கி வைத்த பணத்தில் மணல் வீசியது இரண்டு வாங்க முடிந்தால், இரண்டாகவே வாங்குங்கள். பிரையர் ஒரு முறை புகைத்தபின் ஒரு நாளாவது உலர வேண்டும், ஒரே பைப்பைத் தினமும் மூன்று தடவை பற்றவைத்தால் எப்பேர்ப்பட்ட துளையும் புளித்துப்போகும். முதல் வாரங்களில் கிண்ணத்தைப் பாதி மட்டும் நிரப்பி மெதுவாகப் புகையுங்கள். கரிப்படலம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் சுரண்டிக் குறையுங்கள், தடித்தால் கிண்ணமே பிளந்துவிடும். பைப்போடு கிளீனர் கட்டு ஒன்றையும் அதே பில்லில் போடச் சொல்லுங்கள்.